சாக்குக்குள் இருந்த கம்பளங்கள்

மராக்கெஷ் கடைவீதியில் லஹ்ஸனின் கம்பளக் கடைக்கு வருகிறவர்கள் லஹ்ஸனைத் தேடி வருவதில்லை. அவன் தங்கை ருக்கியாவைத் தேடித்தான் வருவார்கள். வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு தாழ்வான முக்காலியில் மடியில் சின்னக் கம்பளத்தோடு அவள் உட்கார்ந்திருப்பாள். வந்தவர் கையைப் பிடித்துக் கம்பளத்தின் பின்பக்கத்தில் வைப்பாள்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தடவுங்க. வரிசை கொஞ்சம் ஏறி எறங்குதா? அது பொம்பளை கை. ஒரு நாள் இழுத்து அடிச்சிருப்பா. ஒரு நாள் புள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும், முடிச்சு தளர்ந்திருக்கும். மெஷினுக்கு ஏது புள்ளை, ஏது காய்ச்சல்?"

பிறகு ஓரத்துக் குஞ்சத்தை இழுத்துக் காட்டுவாள். தனியாகத் தைத்து ஒட்டியது அல்ல, பாவு நூலே வெளியே வந்து முடிந்திருக்கிறது என்பாள். ஓர் இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் கொளுத்துவாள். தலைமயிர் கருகிய நாற்றம் எழும், சாம்பல் விரலிடுக்கில் பொடியாக உதிரும். வந்தவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அதற்கு மேல் லஹ்ஸனின் வேலை. சுவரோரம் சுருட்டி அடுக்கியிருக்கும் கம்பளங்களை ஒவ்வொன்றாக உதறி விரிப்பான், புதினாத் தேநீர் வரவழைப்பான், பிடித்ததைச் சுருட்டிக் கட்டிக் கொடுத்தனுப்புவான். வாங்கியதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. அதுதான் ருக்கியா தன் கையால் காட்டிவிட்டாளே.

புருஷன் தள்ளி வைத்த பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு மேலேயே இருந்த அண்ணன் வீட்டு மாடிக்கு வந்தவள் அவள். இப்போது மகள் நர்சிங் படிக்கிறாள், அண்ணன்தான் படிக்க வைக்கிறான். "என் தங்கச்சி இல்லேன்னா இந்தக் கடையே இல்ல" என்று நாலு பேர் முன்னால் அவன் சொல்வான். கேட்கும்போது அவளுக்கு இதமாகத்தான் இருக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை மலைக்குப் போய்க் கம்பளங்களைத் தேர்ந்தெடுத்து வருவதும் அவள்தான்; வந்த மூட்டைகளைப் பிரித்து அடுக்குவது லஹ்ஸன். அந்த வருஷம் குளிர்காலத்திலேயே போக வேண்டி வந்தது. காஸாபிளாங்காவில் ஸுபைதா என்றொரு பெரிய வீட்டு அம்மாள் விருந்தினர் விடுதி திறக்கப்போகிறாள். அறைக்கு ஒன்று வேண்டும், எல்லாம் கையால் நெய்ததாக இருக்க வேண்டும் என்றாள். ஏற்கெனவே வேறெங்கோ ஏமாந்தவள். "உங்க அண்ணனை எனக்குத் தெரியாது. நீ பொறுக்கினதுன்னு நீ சொல்லு, போதும்" என்று ருக்கியாவின் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தாள்.

இத்தோவின் வீடு கணவாய்க்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டி இருந்தது. இத்தோவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் நெய்வார்கள், அவள் புருஷன் மோஹா வாங்கிச் சேர்த்து வைத்து விற்பான். வாடகை வேனை ஓட்டிக்கொண்டு பாஸு வந்திருந்தான். காலையில் மொட்டைமாடி வெயிலில் கம்பளங்களைப் பரப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே நடந்து, திருப்பிப் பார்த்து, முகர்ந்து, ருக்கியா தனக்கு வேண்டியதை ஒதுக்கினாள். ஒன்று அவளுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வெள்ளையில் பழுப்புக் கட்டங்கள் போட்டது. பாதியில் பழுப்பு நூல் தீர்ந்துபோய் இத்தோ வேறு சாயத்தில் தொடர்ந்திருந்தாள், மேற்பாதி கொஞ்சம் செங்கல் நிறம் காட்டியது.

"இது தப்பாயிடுச்சுக்கா" என்றாள் இத்தோ.

"தப்புன்னு யாருடி சொன்னா? இதுதான் முதல்ல போகும், பாரு."

இத்தோ அடுத்த கம்பளத்தை விரிக்கத் திரும்பிவிட்டாள். கொஞ்ச காலமாகவே அவள் இப்படித்தான். வாயாடியாக இருந்தவள், ருக்கியா வந்தால் உபசரிப்பாள், சோறு போடுவாள், முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது மோஹா, "நீங்க சாப்பிடுங்க தங்கச்சி, நான் சாக்குல போட்டுத் தைச்சு வேன்ல ஏத்திடறேன். வானம் கறுத்துக்கிட்டு வருது" என்றான். எப்போதும் அவன்தான் தைப்பான். டர்னிப்பும் ஆட்டுக்கறியும் போட்ட கூஸ்கூஸ் என்கிற கோதுமை ரவைச் சோற்றைத் தின்று முடிப்பதற்குள் மூட்டைகள் வேனில் இருந்தன.

கணவாயின் பாதி ஏற்றத்திலேயே பனி பிடித்துக்கொண்டது. வளைவில் தடுப்புக் கட்டையைக் குறுக்கே போட்டுவிட்டு, ஒரு போலீஸ்காரன் கையை ஆட்டித் திரும்பிப் போகச் சொன்னான். எப்போது திறக்கும் என்று பாஸு கேட்டதற்கு, "பனிகிட்ட கேளு" என்றான்.

திரும்பி வந்த அவர்களைப் பார்த்ததும் மோஹாவின் முகம் போன போக்கை ருக்கியா அப்போது சரியாகக் கவனிக்கவில்லை. விருந்தாளி திரும்பி வந்தால் அடுப்புக்கு விறகு வேண்டுமே, அந்தக் கவலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேனின் கூரை ஒழுகும் என்பதால் மூட்டைகளை இறக்கி அடுப்பு இருந்த அறையில் அடுக்கினார்கள்.

மறுநாள் விடிந்தபோது வாசற்கதவைத் திறக்க முடியவில்லை. மோஹாவும் பாஸுவும் உள்ளிருந்து தோளால் முட்டி, மண்வெட்டியை விட்டு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்தார்கள். ஜன்னல் வெள்ளையாக அடைத்துக் கிடந்தது. மின்சாரம் போயிருந்தது. தொலைபேசிக்கு மொட்டைமாடியில் ஏறினால்தான் சிக்னல் வரும், மொட்டைமாடி முழங்கால் ஆழப் பனிக்குள் இருந்தது. இருந்தது இரண்டே அறை. ஒன்றில் தறி, ஒன்றில் இரும்பு அடுப்பு. ருக்கியா எழுந்தால் மோஹா எழுந்தான். மூட்டைப் பக்கம் திரும்பினால், "என்ன வேணும் தங்கச்சி, நான் எடுத்துத் தரேன்" என்றான்.

"ஒண்ணும் வேணாம்ணே. கால் மரத்துப்போச்சு, நடக்கறேன்."

"நடங்க, நடங்க. இந்த வீட்டுல நாலு எட்டு வெச்சா சுவர்" என்று பாஸு சிரித்தான். அவன் ஒருவனுக்குத்தான் இது விடுமுறை. அடுப்பைக் கட்டிக்கொண்டு, இத்தோ கொடுத்த மாசிப்பத்திரித் தேநீரைக் குடித்துக்கொண்டு, தன் பெண்டாட்டி தன்னைக் காணாமல் எப்படிக் கொண்டாடிக்கொண்டிருப்பாள் என்று விவரித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கூரை ஒழுகியது. மண்கூரை பனியின் பாரம் தாங்காமல் மூலையில் கசிந்து, கீழே இருந்த சாக்கில் சொட்டிக்கொண்டிருந்ததை ருக்கியாதான் பார்த்தாள். அந்த நேரம் மோஹா பாஸுவோடு கூரைப் பனியைத் தள்ள மேலே போயிருந்தான். கம்பளி நனைந்து முடைநாற்றம் பிடித்துவிடுமே என்று பதறி, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்து, மேலே இருந்த கம்பளத்தை வெளியே இழுத்தாள்.

நனைந்த கம்பளியின் ஆட்டு மணத்தை அவள் மூக்கு எதிர்பார்த்திருந்தது. அப்படி எந்த மணமும் வரவில்லை. புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் வாளியைப் போல ஏதோ லேசாக அடித்தது.

வெள்ளையில் பழுப்புக் கட்டம். அவளுக்குப் பிடித்த அதே கம்பளம்தான். அடியிலிருந்து மேல்வரை ஒரே பழுப்பு. செங்கல் நிறத்தைக் காணோம்.

திருப்பினாள். பின்பக்கத்து முடிச்சுகள் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டாற்போல் போயின. குஞ்சத்தை இழுத்தாள், தையல் தெரிந்தது. ஓர் இழையைப் பிய்த்து அடுப்புக் கதவைத் திறந்து தணலில் காட்டினாள். அது உருகிச் சுருண்டு, ஒரு கறுப்பு மணியாகத் தொங்கிற்று. விரலில் ஒட்டிக்கொண்டு சுட்டது.

கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தபோது தறி அறையின் வாசலில் இத்தோ நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. ருக்கியாவின் விரலைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். கிட்டே வந்து, கம்பளத்தை மடித்துச் சாக்கில் திணித்து, கோணி ஊசியால் பிரிந்த இடத்தைத் தைத்தாள். மேலே காலடிகள் இறங்கி வரும் சத்தம் கேட்டது.

அன்று மாலை முழுக்க ருக்கியாவால் வாயைத் திறக்க முடியவில்லை. வெளியே போக வழியில்லை. மோஹாவின் வீட்டுக் கூரைக்குக் கீழே, அவன் விறகில் குளிர் காய்ந்துகொண்டு, அவன் வீட்டு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு, "நீ திருடன்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அதற்குப் பிறகு அந்த அறையில் எங்கே உட்கார்வது? மாவு குறைந்துவிட்டதால் இத்தோ தன் பங்கு ரொட்டியைப் பாதியாக்கி விருந்தாளிகளின் தட்டில் வைத்ததையும் அவள் பார்த்தாள். மோஹா பனியைத் திட்டினான், அரசாங்கத்தைத் திட்டினான், அவள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை இத்தோ ரொட்டி சுடக் கொட்டகைக்குப் போனபோது ருக்கியாவும் பின்னாலேயே போனாள். மோஹா எழுந்தான். "பொம்பளைங்க போற எடத்துக்கு நீ எதுக்கு?" என்று இத்தோ ஒரு போடு போட்டதும் உட்கார்ந்துவிட்டான்.

கொட்டகைக்குள் புகை கண்ணைக் கரித்தது. நிமிர்ந்து நிற்க இடமில்லை. இருவரும் மண் அடுப்பின் முன்னால் குந்தினார்கள்.

"எத்தனை நாளா நடக்குது இத்தோ?"

"என்னைக் கேக்கறீங்களா?" இத்தோ திரும்பினாள். "ஏன்க்கா, நடிக்கறீங்களா? இல்ல, நெசமாவே கேக்கறீங்களா?"

"என்னடி சொல்ற?"

"சாக்கைத் தைக்கறது மட்டும்தான் எம்புருஷன். உள்ள இருக்கறது எங்கேருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா? உங்க அண்ணன் லாரிதான் கொண்டாந்து எறக்குது. நாங்க திரும்பத் திரும்ப நெய்யற கோலத்தையெல்லாம் போன தடவை போட்டோ புடிச்சுக்கிட்டுப் போனாங்க, அச்சு அசலா மெஷின்ல அடிச்சு வந்துச்சு. நீங்க வந்து நல்லதைப் பொறுக்குவீங்க. நீங்க பொறுக்கினதைப் பிரிச்சு வெச்சுட்டு எம்புருஷன் இதைச் சாக்குல போடுவாரு. நெசமானதை லாரி வந்து தனியா ஏத்திக்கிட்டுப் போவும். எங்கியோ வெளிநாட்டுக்காம்."

ருக்கியாவுக்கு அடுப்பின் சூடு முகத்தில் அடித்தது, முதுகில் குளிர் ஏறியது.

"நான் பொறுக்கினதையா?"

"நீங்க பொறுக்கினதைத்தான். உங்க கை தப்பா எடுக்காதுன்னு உங்க அண்ணனுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாதுடி இத்தோ. என் மக மேல ஆணையா."

இத்தோ ரொட்டியைப் புரட்ட மறந்து அவளையே பார்த்தாள். ஒரு பக்கம் கருகும் வாசனை வந்த பிறகுதான் எடுத்தாள்.

"நீங்களும் கூட்டுன்னு நெனச்சேன்க்கா. இவ்வளவு நாளும் அப்படித்தான் நெனச்சேன். மேல நடந்து நடந்து, மோந்து மோந்து பாக்கறாளே, எப்படி நடிக்கறா பாருன்னு எனக்கு வயிறு எரியும். உங்க மூஞ்சியில காறித் துப்பணும்னு தோணும். சோறு போட்டேன்."

ருக்கியா முழங்காலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். கடையில் தான் கையைப் பிடித்துத் தடவச் சொன்னவர்கள் முகமெல்லாம் வந்தது. புது மாப்பிள்ளை பெண்டாட்டியோடு வந்தது, பென்ஷன் வாங்கிய வாத்தியார் வந்தது. எல்லோரும் சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி உருகும் நூலைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அண்ணன் அவளுக்குச் சோறு போட்டது, மகளைப் படிக்க வைத்தது எல்லாம் அந்த முக்காலிக்காகத்தானா? வீட்டைவிட்டு வெளியேறினால் எங்கே போவது? மகளின் கடைசி வருஷம் என்ன ஆகும்? பனி மட்டும்தான் வழியை அடைத்தது என்று இத்தனை நேரம் நினைத்துக்கொண்டிருந்தாள். பனி உருகினாலும் தனக்கு இறங்கிப் போக வழி இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"இந்தத் தடவை நெசமானது எங்க?" என்று கேட்டாள், தலையை நிமிர்த்தாமலே.

"லாரி வர முடியலையே. வைக்கோல் போருக்கு அடியில இருக்கு."

பனி தள்ளும் வண்டி மறுநாள்தான் வந்தது. ஒற்றை வண்டி போகும் அகலத்துக்கு வழி வெட்டியிருக்கிறார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் கத்திச் சொன்னார். பாஸு சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டினான். மோஹா துள்ளிக் குதித்து முதல் மூட்டையைத் தோளில் ஏற்றினான்.

"அதை எறக்குங்கண்ணே. பாஸு, வைக்கோல் அறைக்கு வா" என்றாள் ருக்கியா.

மோஹா மூட்டையோடு அப்படியே நின்றான். "எதுக்குத் தங்கச்சி?"

"நான் பொறுக்கினதை எடுத்துக்கிட்டுப் போறேன்."

"உங்க அண்ணன்..." என்று ஆரம்பித்தவன் மேலே சொல்ல முடியாமல் பெண்டாட்டியைப் பார்த்தான். இத்தோ ஏற்கெனவே வைக்கோலைக் கைகளால் அள்ளி எறிந்துகொண்டிருந்தாள். அவன் மூட்டையைக் கீழே வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "என் பொழைப்பைக் கெடுக்கறீங்க ரெண்டு பேரும். உங்க அண்ணன் வேணாம்னுட்டா இந்தக் குளிர்ல எவன் மலையேறி வந்து வாங்குவான்? சொல்லுங்க. நீங்க வாங்குவீங்களா?"

பொய்யாக ஒரு வாக்குக் கொடுக்க ருக்கியாவுக்கு மனம் வரவில்லை. "தெரியலண்ணே" என்றாள்.

பாஸு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் வண்டி ஓட்டறவன். எந்த மூட்டைன்னாலும் எனக்கு அதே வாடகைதான்" என்று சொல்லிக்கொண்டே வைக்கோல் ஒட்டிய கம்பளங்களைத் தூக்கி வந்தான். அந்தச் செங்கல் நிறக் கம்பளத்தை மட்டும் ருக்கியா தானே சுமந்து வந்தாள்.

கணவாயின் உச்சிக்கு அருகில், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர். அதன் நடுவில் எதிரே ஒரு லாரி வந்து நின்றது. பாஸு ஒலியெழுப்பினான், லாரியும் எழுப்பியது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தவனை ருக்கியாவுக்கு அடையாளம் தெரிந்தது. லஹ்ஸன் இறங்கி ஓடி வந்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்! உயிர் இருக்கா உனக்கு? போன் கிடைக்கல, நான் பைத்தியம் புடிச்சாப்பல..." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். அவன் கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது. அதுதான் ருக்கியாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்னைப் பாக்கவா வந்தே, வைக்கோல் அறையில இருக்கறதை ஏத்தவா?"

லஹ்ஸன் வேனுக்குள் எட்டிப் பார்த்தான். சாக்கில்லாமல் சுருட்டிக் கிடந்த கம்பளங்களைப் பார்த்தான். முகம் மாறிற்று.

"ரெண்டுக்கும்தான்" என்றான் கடைசியில். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இதை லாரியில மாத்து."

"மாட்டேன்."

"உன் மக படிப்பு எங்கேருந்து நடக்குதுன்னு தெரியுமா உனக்கு? உன்னை எவன் வீட்டுல ஏத்துக்கிட்டான்? புருஷன் தொரத்தினப்ப எந்தக் கதவைத் தட்டினே?"

"உன் கதவைத்தான் தட்டினேன்ணே. அதை நான் மறக்கல. ஆனா என் கையைப் புடிச்சு எல்லாரையும் ஏமாத்தியிருக்கியே. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா?"

"சொன்னா நீ முக்காலியில உக்காந்திருப்பியா?"

"மாட்டேன்."

"அப்ப எதுக்குச் சொல்லணும்?" என்றான் அவன். அது அவனுக்கு நியாயமாகவே பட்டது என்பது குரலில் தெரிந்தது.

வேனுக்குப் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஆடுகள் ஏற்றிய ஒரு லாரி, ஒரு டாக்சி, அதற்குப் பின்னால் ஒரு பேருந்து. பேருந்திலிருந்து ஒருவர், "யோவ், கல்யாணம் பேசறதா இருந்தா கீழ போய்ப் பேசுங்கய்யா! எங்களுக்கு வீடு வாசல் இருக்கு!" என்று கத்தினார். லாரிக்குப் பின்னால் ஒரு வண்டியும் இல்லை. பின்வாங்க வேண்டியவன் லஹ்ஸன்தான். அவன் ஒரு கணம் பனிச்சுவரைப் பார்த்தபடி நின்றான், பிறகு ஏறிக் கதவை அறைந்தான். லாரி பின்பக்கமாக, வளைவுக்கு வளைவு தயங்கி இறங்க, வேன் அதன் மூக்கை ஒட்டியபடியே வந்தது. கீழே அகலமான இடம் வரும்வரை அண்ணனும் தங்கையும் இரண்டு கண்ணாடிகளுக்குப் பின்னால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

காஸாபிளாங்கா அம்மாள் கடைக்கு வந்த அன்று லஹ்ஸன் சிரித்த முகமாகத் தேநீர் ஊற்றினான். ருக்கியா முக்காலியில் உட்காரவில்லை. மலையிலிருந்து கொண்டுவந்ததை எல்லாம் தரையில் கவிழ்த்துப் போட்டாள்.

"மாதிரியைப் பாக்காதீங்கம்மா. நீங்க வாங்கப் போறதைத் தடவிப் பாருங்க. ஒவ்வொண்ணையும்."

அந்த அம்மாள் மண்டியிட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள், குஞ்சத்தை இழுத்தாள், முகர்ந்தாள். மேற்பாதி செங்கல் நிறமாகப் போனதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "நூல் தீர்ந்துபோச்சா பாவம்?" என்று கேட்டாள்.

"தீர்ந்துபோச்சு."

"போன வருஷம் என் நாத்தனார் உங்ககிட்டதான் ரெண்டு வாங்கினா. அதுவும் இப்படித்தானே?"

லஹ்ஸனின் கையில் தேநீர்க் கெண்டி அந்தரத்தில் நின்றது. ருக்கியாவுக்கு மகளின் முகம் ஒரு முறை வந்து போயிற்று.

"இல்லம்மா. அதைத் திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

அன்று இரவே அண்ணன் தன்னை வெளியே அனுப்பிவிடுவான் என்று பெட்டியைக் கட்டி வைத்தாள். அவன் அனுப்பவில்லை, பேசவும் இல்லை. அண்ணி அவள் தட்டைத் தனியாக மாடிக்கு அனுப்பினாள். மகள் விஷயம் புரியாமல், "மாமாகிட்ட மன்னிப்புக் கேளும்மா, எனக்கு ஒரே ஒரு பரீட்சைதான் பாக்கி" என்று அழுதாள். நாத்தனார் இரண்டு கம்பளத்தையும் திருப்பினாள். அவள் சொல்லி இன்னொருத்தி வந்தாள். கடைவீதியில் செய்தி பரவிற்று. வந்தவர்கள் எல்லோரும் லஹ்ஸனிடம் பேச மறுத்து, ருக்கியாதான் வேண்டும் என்றார்கள். அவளைத் துரத்தினால் கடையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்று லஹ்ஸனுக்குத் தெரிந்துபோயிற்று. அவளுக்கும் போக வேறு வீடு இல்லை. வசந்தம் வந்ததும் ருக்கியாவே மலைக்குப் போனாள்; அவள் கண் முன்னால் சாக்கில் போட்டுத் தைத்தான் மோஹா. ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தோ மட்டும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த நேரம். பென்ஷன் வாங்கிய அந்த வாத்தியார் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்து ருக்கியாவைக் கேட்டார். லஹ்ஸன் எழுந்து நின்றான். அவரையும் கம்பளத்தையும் பார்த்தான், பிறகு மாடிப்படிப் பக்கம் திரும்பினான். மாதக்கணக்காகத் தங்கையிடம் பேசாத குரல் கரகரத்தது.

"ருக்கியா. எறங்கி வா. உன்னைத்தான் கேக்கறாங்க."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கினாள்.